பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கைவினை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். "இதில் இன்னும் என்ன அடிக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்து நிறையக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பில் அடிப்பது பற்றி இதில் எதுவும் இல்லை. அட்டை, துணி, ஸ்டென்சில், நீளமான சுருள் ஓவியம் என்று கையால் செய்யும் வேலைக்கு இந்த மெஷினை எப்படித் திருப்பிக்கொள்வது என்பதுதான் விஷயம்.

எந்தெந்த மெஷின் இந்த வேலைக்கு ஆகும்?

மை ஊறிய ரிப்பனைத் தட்டித் தாளில் பதிக்கிற எதுவும் ஆகும். கடைகளில் பில் போட்டுக்கொண்டிருந்த 80 காலம் (ஒரு வரிக்கு 80 எழுத்து) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் எளிதாகக் கிடைப்பது. எப்சன், சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றின் மாடல்கள் மலை முழுக்க இருக்கின்றன. 132 காலம் மெஷின் இன்னும் அகலம். இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிகளில் பாஸ்புக் அடிக்கும் பிரிண்டர் கிடைத்தால் விடவே வேண்டாம். அதில் தாள் வளையாமல் நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும். கெட்டி அட்டைக்கும் துணிக்கும் அதைவிட நல்ல மெஷின் இல்லை.

டைப்ரைட்டரும் சேருமா?

தாராளமாக. கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான் வழி. கோத்ரெஜ் 1955-இல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்தது. அந்த மெஷின்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் இன்றும் ஓடுகின்றன. தமிழ் விசைப்பலகையை 1930-களில் அமைத்துக் கொடுத்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துக்காரர், மலாயாவில் வேலை பார்த்தவர். அவர் அமைத்த வரிசையில் இருக்கிற சுழி, கொம்பு, கால் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தட்டி அடுக்கினாலே அழகான கோலம் வரும். அமெரிக்காவில் பால் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். மூளை முடக்குவாதத்தால் கைகள் அவர் சொல்படி கேட்காது. டைப்ரைட்டரின் எண் வரிசைக் குறிகளை மட்டும் வைத்தே வாழ்நாள் முழுவதும் ஓவியம் தீட்டினார். இந்தக் கருவியால் என்ன முடியும் என்று யாராவது சந்தேகப்பட்டால் அவர் படங்களைத்தான் காட்டுவேன்.

நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கும்போது இது எதற்கு?

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் யாரும் பழைய மெஷினை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். போட்டோ மாதிரி படம் வேண்டும், பல வண்ணம் வேண்டும் என்றால் இங்க்ஜெட்டே போதும். டாட் மேட்ரிக்ஸ் செய்கிற வேலை வேறு. அது தாளை அடிக்கிறது. தாளின் குறுக்கே ஓடி அடிக்கிற ஹெட்டுக்குள் மின்காந்தத்தால் இயங்கும் மெல்லிய கம்பிகள் வரிசையாக இருக்கின்றன; அவற்றைத்தான் பின் என்கிறோம். ஒவ்வொன்றும் ரிப்பனை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்புகிறது. அந்தத் தட்டில் இருக்கிற விசைதான் நமக்கு வேண்டியது.

விசை இருப்பதால் கார்பன் வைத்து ஒரே நேரத்தில் மூன்று நான்கு தாள்களில் பதிக்கலாம். ரிப்பனைக் கழற்றிவிட்டு மெழுகு ஸ்டென்சில் வெட்டலாம். கனமான, மென்மையான தாளில் மையே இல்லாமல் வெறும் புள்ளிப் பள்ளமாக ஒரு படம் எடுக்கலாம். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும். இதில் எதையும் மை தெளிக்கிற மெஷினிடம் கேட்க முடியாது.

இன்னொன்று, முடிவில்லாத தாள். இருபுறமும் ஓட்டை போட்ட மடிப்புத் தாள் பெட்டி தீரும்வரை வந்துகொண்டே இருக்கும். இங்கே தேயிலைத் தோட்டங்களில் தினம் தினம் மழையளவை ரெஜிஸ்டரில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு வரி, மழை எவ்வளவோ அவ்வளவு அடர்த்தியாகப் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 6 வரி வீதம் 365 நாள் சேர்ந்தால் 61 அங்குலம், அதாவது ஐந்தடிக்குச் சற்று மேல். ஒரு வருஷத்து மழை ஒரே சுருளாகச் சுவரில் தொங்கும். தென்மேற்குப் பருவம் எங்கே கனத்தது, வடகிழக்குப் பருவம் எங்கே வந்து சேர்ந்தது என்பது தூரத்தில் நின்றாலே தெரியும். பத்து வருஷச் சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கணக்கும் கோத்தகிரித் தோட்டத்துக் கணக்கும் ஒன்றுபோல இருக்காது. கொடைக்கானல்காரர்களுக்கு இன்னொரு யோசனை: அங்குள்ள சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது, 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறது. சூரியப் புள்ளிகளைப் புள்ளிகளாலேயே அடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

மலையில் எங்கே கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்குவது?

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்கள், எஸ்டேட் ஆபீஸ், மருந்துக் கடை, மொத்த வியாபாரம், லாரி ஷெட். இங்கெல்லாம் மாற்றிப் போட்ட பிரிண்டர் ஒன்று மூலையில் கிடக்கும். நேரில் போய் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். காயலான் கடைக்கு வந்துவிட்டால் எடைக்கு விலை. ஆனால் அங்கே வருவதற்குள் கவரும் கைப்பிடிக் குமிழும் உடைந்திருக்கும், கேபிள் போயிருக்கும். அரசு அலுவலகங்கள், வங்கிகள் ஆகியவற்றில் நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. மின்கழிவுக்கு விதிகள் இருக்கின்றன. அவர்கள் முறைப்படிதான் அப்புறப்படுத்த முடியும்.

வாங்கும் முன் கணினி இல்லாமலே சோதிக்கலாம். லைன் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பெரும்பாலான மெஷின்கள் தாமாகவே எழுத்து வரிசைகளை அடித்துக் காட்டும். அந்தத் தாளை வெளிச்சத்தில் பாருங்கள். எல்லா எழுத்தையும் ஒரே உயரத்தில் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு பின் வேலை செய்யவில்லை. எழுத்து மங்கலாக இருந்தால் கவலை வேண்டாம், அது ரிப்பன். ஹெட் ஓடும் கம்பியில் துரு இருந்தால் விரல் நகத்தால் தடவுங்கள். மேலோட்டமாக இருந்தால் துடைத்துவிடலாம், குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

9 பின்னா, 24 பின்னா?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 9 பின். கம்பி தடிமன், அடி பலம், புள்ளி கண்ணுக்குத் தெரியும். ஸ்டென்சிலுக்கும் கார்பனுக்கும் துணிக்கும் அதுதான் சரி. 24 பின்னில் கம்பி மெல்லியது. எழுத்து நேர்த்தியாக வரும், ஆனால் சொரசொரப்பான தாளில் சிக்கிக்கொண்டால் வளைந்துவிடும். நுணுக்கமான படம், வழவழப்பான தாள் என்றால் 24 பின் நன்றாக இருக்கும்.

மலையின் ஈரத்துக்கும் குளிருக்கும் மெஷின் தாங்குமா?

தாங்கும், பார்த்துக்கொண்டால். இந்தப் பிரிண்டர்களை 5 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்துக்கும், 80 சதவீதத்துக்குள்ளான ஈரப்பதத்துக்கும் வடிவமைத்திருக்கிறார்கள். ஊட்டியில் ஜனவரி உறைபனிக் காலையில் முதலாவதும், மழை மாதங்களில் மலை முழுக்க இரண்டாவதும் மீறிப்போகும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த மெஷினை ஹீட்டர் போட்ட அறைக்குத் தூக்கிவந்தால் உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே பனித்துளி படிந்திருக்கும். ஒரு மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

மெஷினைவிட அதிகம் அவதிப்படுவது தாள். ஈரம் குடித்த தாள் கொஞ்சம் விரியும். ஓட்டைகள் ட்ராக்டர் பல்லோடு (ஓட்டையில் மாட்டித் தாளை இழுக்கும் பல்) ஒத்துப்போகாமல் ஓரம் கிழியும். இரண்டு மூன்று பக்கம் நன்றாக வந்து, அப்புறம் கோணலாகப் போகத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தாள் கட்டைத் தகர ட்ரங்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மரப்பீரோவில் வைப்பதானால் உள்ளே ஒரு சின்ன குண்டு பல்ப் எரியட்டும். துணியும் தாளும் படாத தூரத்தில் இருக்க வேண்டும். எல்இடி பல்ப் போட்டுப் பயனில்லை, அதில் சூடு வராது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது மெஷினை ஓட்டுங்கள். ஓடுகிற மெஷினில் பின் இறுகாது.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றடிக்கும் நாளில் வோல்டேஜ் ஏறி இறங்கும், திடீரென்று போய்விட்டு வரும். பழைய பவர் சப்ளை இதைத் தாங்காது. ஸ்டெபிலைசர் வழியாகக் கொடுங்கள், இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

என்ன எண்ணெய் விடலாம்?

தையல் மெஷின் எண்ணெய். ஹெட் ஓடும் கம்பியை முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு, போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய் அது. நம் ஊரில் பாட்டிலிலேயே கட்டியாகத்தான் இருக்கும். கம்பியில் விட்டால் ஹெட் நகர முடியாமல் மோட்டார் திணறும். ஹெட்டின் முனையில் எந்த எண்ணெயும் விட வேண்டாம். ரிப்பன் மையிலேயே எண்ணெய் இருக்கிறது, பின்களுக்கு அதுதான் உயவு.

இன்றைய கணினியில் எப்படி இணைப்பது?

பிரிண்டரின் பின்னால் 36 முனை கொண்ட அகலமான சென்ட்ரானிக்ஸ் சாக்கெட் இருக்கும். அதற்கு யுஎஸ்பி பேரலல் கேபிள் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கிறது. கோயம்புத்தூரில் சொல்லி வைத்தால் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து சேர்ந்துவிடும். விண்டோஸில் அந்த மாடலின் டிரைவர் இல்லாவிட்டால் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தை மட்டும் அடுக்கிப் படம் செய்ய அதுவே போதும். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை இயக்கத் தெரிந்தவர்கள் கணினியே இல்லாமல் ஓட்டலாம்: எட்டு டேட்டா கம்பி, ஒரு ஸ்ட்ரோப் ('எடுத்துக்கொள்' என்கிற சமிக்ஞை), ஒரு பிஸி ('பொறு' என்கிற சமிக்ஞை), தரை. எல்லாம் 5 வோல்ட். பிஸி கம்பி இறங்கும்வரை காத்திருந்து ஒவ்வொரு பைட்டாகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

படத்தைப் புள்ளியாக அனுப்புவது எப்படி?

டிரைவர் வழியாகவும் படம் அடிக்கலாம். ஆனால் அது தன் இஷ்டத்துக்குப் புள்ளிகளைக் கலைத்துப்போடும். எந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்பது நம் கையில் இருந்தால்தான் இது கைவினை. அதற்கு எப்சன் கட்டளைகளை நேராக அனுப்ப வேண்டும். பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாமே வெறும் எண்கள்தான். முதலில் பிரிண்டர் மெனுவிலோ உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சிலோ எப்சன் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐபிஎம் முறையில் இருந்தால் சில கட்டளைகளின் நடத்தை மாறும்.

9 பின் மெஷினுக்கு: 27, 64 அனுப்பினால் பிரிண்டர் பழைய நினைவையெல்லாம் துடைத்துவிட்டுத் தயாராகும். 27, 65, 8 அனுப்பினால் வரி இடைவெளி ஓர் அங்குலத்தில் 72-இல் 8 பங்கு ஆகும். அதாவது எட்டுப் புள்ளி உயரம், வரிகளுக்கு நடுவே வெள்ளை விழாது. 27, 85, 1 அனுப்பினால் ஹெட் ஒரே திசையில் மட்டும் அடிக்கும். நேரம் இரண்டு மடங்காகும், ஆனால் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக உட்காரும். இதைத் தவற விடாதீர்கள். அப்புறம் எட்டுப் புள்ளி உயரமுள்ள ஒவ்வொரு பட்டைக்கும் 27, 42, 5, 64, 2 என்று தொடங்குங்கள். இதில் 5 என்பது அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற முறை. 64-உம் 2-உம் சேர்ந்து அகலம்: 64 கூட்டல் 2 பெருக்கல் 256, மொத்தம் 576 புள்ளி, எட்டு அங்குலம். அடுத்து வரும் 576 பைட்டுகளில் ஒவ்வொன்றும் செங்குத்தாக எட்டுப் புள்ளி. மேல் பின் 128, அடுத்தடுத்துப் பாதி பாதியாகக் குறைந்து கடைசிப் புள்ளி 1; அடிக்க வேண்டிய புள்ளிகளின் எண்களைக் கூட்டினால் அந்த பைட். முடிந்ததும் 13, 10. அடுத்த பட்டை.

இந்த முறையில் குறுக்கிலும் நெடுக்கிலும் அங்குலத்துக்கு 72 என்பதால் வட்டம் வட்டமாகவே வரும். பலரும் பயன்படுத்தும் 60 புள்ளி முறையில் படம் ஐந்துக்கு ஆறு பங்கு அகலமாகிவிடும்.

24 பின் மெஷினில் 27, 51, 24 என்று இடைவெளியும், 27, 42, 39, 160, 5 என்று தொடக்கமும். அகலம் 1440 புள்ளி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் மூன்று பைட்.

எந்த நிரல்மொழியில் எழுதினாலும் சரி, கோப்பை மூல பைட்டுகளாகவே அனுப்புங்கள். எழுத்துக் கோப்பாக அனுப்பினால் வழியில் 10, 13, 26 போன்ற எண்களை அமைப்பு தன் விருப்பத்துக்கு மாற்றிவிடும், படம் நடுவில் உடைந்துபோகும்.

போட்டோவை இரண்டே நிறமாக்க கிம்ப் மென்பொருளில் ஃப்ளாய்ட்-ஸ்டீன்பெர்க் டிதரிங் (சாம்பல் நிறங்களைப் புள்ளி அடர்த்தியாக மாற்றும் முறை) இருக்கிறது. அப்படி மாற்றியதை அப்படியே அடிக்காமல், பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் திருத்துங்கள். முகத்தில் கண், உதடு. தேயிலைச் சரிவில் வரிசைகளுக்கு நடுவே ஓடும் பாதை. இந்த இடங்களில் கை வைத்தால்தான் படம் நம்முடையதாகும்.

தமிழ் எழுத்து வருமா?

பெரும்பாலான மெஷின்களின் நினைவகத்தில் தமிழ் இல்லை. படமாகத்தான் அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் இந்த வேலையிலேயே இனிப்பான பகுதி: தமிழுக்கு நாமே புள்ளி எழுத்து வரைவது. எட்டுப் புள்ளி உயரத்தில் தமிழ் அடங்காது. கி-யின் விசிறிக்கு மேலே இடம் வேண்டும், கு-வின் வாலுக்குக் கீழே இடம் வேண்டும். இரண்டு பட்டை, பதினாறு புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: உடலுக்கு எட்டு, மேலே நான்கு, கீழே நான்கு. அகலத்தை ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். ர-வுக்கும் ணை-க்கும் ஒரே அகலம் கொடுத்தால் இரண்டும் கெடும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் வரைந்து பாருங்கள். ழ எழுதுவதற்குள் நாலைந்து முறை அழிக்க வேண்டிவரும்.

ரிப்பன் இல்லாமல் ஸ்டென்சில் வெட்டுவது எப்படி?

ஸ்டென்சில் வழியாக மை உருட்டிப் பிரதி எடுத்த சைக்ளோஸ்டைல் காலத்து வேலை இது. தேர்வுத்தாள், சங்கச் சுற்றறிக்கை, சிறுபத்திரிகை எல்லாம் அப்படித்தான் உருட்டினார்கள். ஸ்டென்சில் தாள் என்பது நீண்ட நார் கொண்ட மெல்லிய தாளின் மேல் மெழுகு போன்ற பூச்சு. அடி விழுந்த இடத்தில் பூச்சு விலகும், நார் மட்டும் நிற்கும், அதன் வழியாக மை இறங்கும். 1876-இல் எடிசன் காப்புரிமை பெற்ற மின்பேனா இதையே செய்தது: சின்ன மோட்டாரில் ஓர் ஊசி மேலும் கீழும் துடித்துத் தாளில் ஓட்டை போடும். நம் பிரிண்டர் ஒன்பது ஊசியோடு அதே வேலையைச் செய்கிறது.

பழைய ஸ்டேஷனரிக் கடையில் ஸ்டென்சில் தாள் இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் நாமே செய்யலாம், மலையில் தேன்மெழுகுக்குப் பஞ்சமில்லை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நார் நீளமான மெல்லிய தாளை, டிஷ்யூ பேப்பரை அல்ல, அதில் முக்கி எடுத்து வடிய விடுங்கள். இரண்டு பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டால் மிகுந்த மெழுகு வெளியேறி ஒரே சீராகும். தாளின் இழை தெரிய வேண்டும்; வெள்ளையாகப் படலம் கட்டியிருந்தால் இன்னொரு முறை இஸ்திரி போடுங்கள்.

அடிக்கும்போது ஸ்டென்சிலுக்குக் கீழே ஒரு தடித்த தாள், மேலே மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று. மேலே இருப்பது மெழுகு ஹெட்டில் ஏறாமல் காக்கும். மூன்றையும் தலைப்பக்கம் ஒட்டிச் சேர்த்து உள்ளே விடுங்கள். படத்தில் முழுக் கறுப்பு எங்கேயும் இருக்கக் கூடாது. பாதிக்கு மேல் புள்ளி விழுந்த இடம் பொத்தலாகிக் கழன்றுவிடும். அதோடு, எல்லாப் பின்னும் ஓயாமல் அடித்தால் ஹெட் கொதிக்கும். கறுப்பு வேண்டிய இடத்தில் சதுரங்கக் கட்டம் போல ஒன்றுவிட்டு ஒன்று வையுங்கள், கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும்.

உருட்டும் மெஷின் இல்லையென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டம் போதும். வலையின் அடியில் ஸ்டென்சிலை ஒட்டி, மேலிருந்து ஸ்க்வீஜியால் (ரப்பர் விளிம்புள்ள மட்டை) மையை இழுக்க வேண்டும். தேன்மெழுகு ஸ்டென்சிலுக்குத் தண்ணீரில் கரையும் மைதான். மண்ணெண்ணெய், டர்பன்டைன் பக்கமே போகாதீர்கள், மெழுகு கரைந்துவிடும். முதல் சில பிரதிகள் மங்கலாக வரும், அப்புறம் தெளியும்.

வேலை முடிந்ததும் ரிப்பனை மாட்டி இரண்டு பக்கம் சும்மா அடியுங்கள். ரிப்பன் இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால் பின்கள் வறண்டு தேயும்.

ஒன்றுக்கு மேல் வண்ணம்?

ரிப்பனை மாற்றி மாற்றி ஒரே தாளில் பலமுறை அடிக்கலாம். வெளிர் நிறம் முதலில், கறுப்பு கடைசியில்; தலைகீழாகச் செய்தால் ஏற்கெனவே விழுந்த கறுப்பு மை வெளிர் ரிப்பனில் ஏறி அதைப் பாழாக்கும். ட்ராக்டரில் தாளைப் பின்னோக்கி இழுத்தால் பல்லுக்கும் ஓட்டைக்கும் நடுவே கொஞ்சம் தளர்வு வரும். இரண்டு அங்குலம் கூடுதலாகப் பின்னே இழுத்துவிட்டு மறுபடி முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். கார்பன் தாள் இன்னொரு வழி. தையல் கடைகளில் மஞ்சள், சிவப்பு, நீலக் கார்பன் கிடைக்கும். ரிப்பனைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு மெல்லிய தாள், கீழே கார்பன், அதற்கும் கீழே அட்டை.

துணியில், மஞ்சப்பையில் அடிக்கலாமா?

தைத்த பை உள்ளே போகாது. துணியாக இருக்கும்போதே அடித்துவிட்டுப் பிறகு தைக்க வேண்டும். மல், வாயில் போன்ற மெல்லிய பருத்தி நல்லது. அரிசிக் கஞ்சியில் கெட்டியாக முக்கிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, நான்கு ஓரமும் மெல்லிய அட்டையில் ஒட்டி உள்ளே அனுப்புங்கள். பிசிறு நூல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பின்னில் சுற்றினால் பின் போச்சு. தாள் கனத்துக்கான நெம்புகோலை இரண்டு படி தள்ளி வையுங்கள். ரிப்பன் மை எண்ணெய்ப் பசை உள்ளதால் தண்ணீர் பட்டதும் ஓடாது, ஆனால் சோப்புப் போட்டுத் துவைக்கிற துணிக்கு ஏற்றதும் அல்ல. துவைக்க வேண்டியதென்றால் ஸ்டென்சில் வெட்டித் துணி மையால் போடுங்கள்.

எம்பிராய்டரிக்கு மாதிரி அடிக்கலாமா? தோடர் வேலைப்பாட்டின் மாதிரிகளைப் போடலாமா?

குறுக்குத் தையலுக்குக் கட்ட மாதிரி அடிக்க இந்த மெஷின் அருமை. துணியின் மேலேயே தையல் கார்பனால் புள்ளி வைத்துவிட்டால் எண்ணிக்கொண்டே தைக்கலாம்.

தோடர் மாதிரிகளைப் பொறுத்தவரை என் பதில், வேண்டாம். தோடப் பெண்கள் மாதிரித் தாள் எதுவும் இல்லாமல், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். அந்த எண்ணிக்கை அவர்கள் கையில் இருக்கிற அறிவு. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதைப் பிரிண்டரில் அடித்து விற்பது அவர்கள் பிழைப்பில் கை வைப்பது. புள்ளிக் கட்டத்தில் செய்ய நமக்குக் கோலம் இருக்கிறது, பாய்ப் பின்னல் இருக்கிறது, தேயிலை வரிசை இருக்கிறது.

டீத்தண்ணியில் தாளுக்கு நிறம் ஏற்றுவது?

முதலில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் டீ. டஸ்ட் டீயைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அகலத் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுங்கள். ரிப்பன் மையின் கறுப்பு நிற்கும். சில ரிப்பன்களில் இருக்கிற ஊதாச் சாயம் லேசாகக் கசியும், அதனால் ஓரத் துண்டில் முதலில் பாருங்கள். துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்த நீரை மேலே தொட்டால் அந்த இடம் கருஞ்சாம்பலாகும். டீயில் உள்ள டானினும் இரும்பும் சேர்வதால் வரும் நிறம். மலைமேல் மூட்டம் இறங்குவதைக் காட்ட இதைப் போல ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. டீ போட்ட தாளைத் திரும்ப மெஷினுக்குள் விடாதீர்கள். சுருங்கியிருக்கும், துகளும் உதிரும்.

எதையெல்லாம் உள்ளே விடக் கூடாது?

பூவிதழும் வைக்கோலும் பதித்த கைத்தாள், காய்ந்த இலை, மரப்பட்டை, அலுமினியத் தாள், ஒட்டு வெளியே தெரியும் ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் பின் இருக்கிற எதுவும்.

பின் உடைந்துவிட்டது. கேத்தி ஊசியை வெட்டிப் போடலாமா?

கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலை இருப்பதால் இந்தக் கேள்வி இங்கே நிஜமாகவே வருகிறது. முடியாது. தையல் ஊசி நுனியை நோக்கிக் கூர்ந்து போகும். பிரிண்டர் கம்பி முழு நீளமும் ஒரே தடிமன், 9 பின்னில் சுமார் 0.3 மில்லிமீட்டர், வழிகாட்டித் துளைக்குள் இம்மியும் ஆடாமல் பொருந்த வேண்டும். ஹெட்டையே மாற்றுவதுதான் வழி.

ஆனால் மாற்றுவதற்கு முன் எந்தப் பின் என்று பாருங்கள். மேலே சொன்ன எட்டுப் புள்ளி முறையில் ஒன்பதாவது, அதாவது அடிப் பின் பயன்படுவதே இல்லை. போனது அதுவென்றால் நம் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. நடுப் பின் போயிருந்தால் தாளை 72-இல் ஒரு பங்கு நகர்த்தி, விட்டுப்போன வரியை மட்டும் பக்கத்துப் பின்னால் இரண்டாம் முறை அடிக்கலாம்.

மெஷின் முழுக்கவே போய்விட்டால்?

அப்போது மட்டும் பிரியுங்கள். ஓடுகிற மெஷினை உதிரிக்காகப் பிரிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இனி இவை குறையத்தான் போகின்றன. செத்த மெஷினிலிருந்து ரப்பர் உருளையை எடுத்து இரண்டு பக்கமும் மரப்பிடி போட்டால் லினோ கட் அச்சுக்கு (லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் அச்சு) நல்ல அழுத்து உருளை. இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்கள், வழுவழுப்பான எஃகுக் கம்பி, பல் பட்டை எல்லாம் சேர்ந்தால் பேனா பிடித்து வரையும் இயந்திரத்துக்குப் பாதிப் பொருள். பவர் சப்ளையை மட்டும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கும்.

சத்தத்துக்கு என்ன செய்வது?

அடியில் தடித்த ரப்பர் பாய், மேலே மூடி. இரவில் ஓட்டாதீர்கள், பள்ளத்தாக்கில் சத்தம் அடுத்த வரிசை வீடுவரை போகும். சிலருக்கு அந்தச் சத்தமேதான் வேண்டும்: 1990-களின் இறுதியில் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த இரு கலைஞர்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களை வாத்தியங்களாக வைத்துக் கச்சேரியே நடத்தினார்கள். எந்தப் புள்ளி வரிசை என்ன சுருதியில் ஒலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இடைவெளி மாற மாற ஒலியும் மாறும்.

குழந்தைகளை வைத்துச் செய்யலாமா?

செய்யலாம். கட்ட நோட்டில் புள்ளி வரைவது, டீ பூசுவது, ஸ்க்வீஜி இழுப்பது எல்லாம் அவர்கள் வேலை. மெஷினின் மூடி திறந்திருக்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நாலைந்து பக்கம் படம் அடித்த ஹெட், விரல் வைத்தால் சுட்டுவிடும். ஓடும் ஹெட்டுக்கும் உருளைக்கும் நடுவே ஜடையோ துப்பட்டாவோ போகக் கூடாது.

ரிப்பனும் தாளும் இன்னும் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இன்னும் பல தொழிற்சாலைகளும் லாரி அலுவலகங்களும் இதில்தான் பல பிரதி பில் போடுகின்றன. 10க்கு 12 அங்குல மடிப்புத் தாள் பெட்டியாகக் கிடைக்கும். 132 காலத்துக்கு 15க்கு 12 கேளுங்கள். முழு காட்ரிஜ் வாங்காமல் உள்ளே போடும் ரிப்பன் ரீஃபில் மட்டும் வாங்கினால் விலை குறைவு, பிளாஸ்டிக் குப்பையும் சேராது. மாட்டும்போது ரிப்பன் முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். சில காட்ரிஜ்களில் மட்டும் ரிப்பனின் இரண்டு ஓரமும் தேய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே ஒரு முறுக்கு விட்டிருப்பார்கள், அதை நேராக்கிவிடாதீர்கள். காய்ந்த ரிப்பனுக்கு ரப்பர் ஸ்டாம்ப் மை ஊற்றுவது வேண்டாம். தண்ணீர் கலந்த மை பின்களைத் துருப்பிடிக்க வைக்கும்.